தவிட்டுக்கு வாங்கிய பெயர்

பரம்பரை பேசுகிற ஆட்களைக் கண்டாலே உமாபதிக்கு வாய் கோணிக்கொள்ளும். அதிலும் வளைகுடாவின் முசஃபா தொழிற்பேட்டையில் அவன் வேலை பார்த்த இரும்பு யார்டின் புராஜெக்ட் மேனேஜர் திராகன் ஸ்தோயானோவிச், காலை ஒன்பது மணிக்கே கறுப்புக் காப்பியும் கையுமாக வந்து நின்று தன் குடும்பப் பெயரின் பெருமையை ஆரம்பித்துவிட்டால், அன்றைக்கு மதியச் சோறு இறங்காது. ஸ்தோயான் என்றால் நிற்பவன். செர்பிய மலையில் துருக்கிப் படையை எதிர்த்துப் பின்வாங்காமல் நின்ற படைத்தலைவன். இன்றைக்கு உலகத்தில் எத்தனை ஸ்தோயானோவிச்சுகள் உண்டோ அத்தனை பேரும் அந்த ஒருவனின் வாரிசுகள். இதுதான் கதை, வாரத்துக்கு மூன்று முறை. அந்தப் படைத்தலைவனின் வாரிசுக்கு ஒரு டிராயிங்கில் எது புதியது எது பழையது என்று பார்க்கத் தெரியாது. அதற்கு டிராயிங் போடுகிற உமாபதியைத்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிடுவதும் உமாபதி என்று இல்லை. அவன் கழுத்தில் தொங்கிய பேட்ஜில் பெரிய எழுத்தில் இருந்தது குப்பையாண்டி, அவனுடைய அப்பாவின் பெயர். மதுரையில் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த டிராவல்ஸ்காரன், குடும்பப் பெயர் என்று கேட்ட கட்டத்தில் அப்பாவின் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டான். நம் ஊர் ஆட்களில் பாதிப் பேருக்கு இதே கதிதான். மாயாண்டியின் மகன் வளைகுடாவில் மிஸ்டர் மாயாண்டி ஆகிவிடுவான். அப்பன் ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்க, அவன் பெயர் இங்கே கிரேன் ஓட்டும். மற்றவர்களுக்கு அது பெரிதாக உறைப்பதில்லை. உமாபதிக்கு உறைத்தது. அரபி, பிலிப்பினோ, எகிப்துக்காரன் எல்லாம் வாய் நிறைய "மிஸ்டர் குப்பையாண்டி" என்று அழைக்கும்போது, யார்டில் இருந்த தமிழ் வெல்டர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

இதில் ஸ்தோயானோவிச்சின் குத்தல் வேறு. உங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பன் பெயரை மாட்டிக்கொண்டு திரிகிறீர்கள், ஒரு தலைமுறைக்கு மேல் உங்களுக்கு நினைவே இல்லை என்பான். உமாபதி ஒரு நாள் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தான். ஸ்தோயானோவிச் என்றால் ஸ்தோயானின் மகன், அவ்வளவுதான். இவனும் எவனோ ஒரு அப்பன் பெயரைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறான், கொஞ்சம் பழைய அப்பன். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் உமாபதி அன்று இரண்டு பரோட்டா கூடுதலாகத் தின்றான். ஆனால் மேனேஜரிடம் வாயைத் திறக்கவில்லை. வீரமெல்லாம் மனசுக்குள்தான்.

குப்பையாண்டி என்ற பெயர் வந்த கதை அருப்புக்கோட்டைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவருக்கு முன் பிறந்த மூன்றும் பிறந்த சூட்டிலேயே போயின. நாலாவதாக இவர் விழுந்ததும், தொப்புள்கொடி அறுத்த கையோடு கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அவளிடம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துப் பெற்றவளே திரும்ப வாங்கினாள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வந்தது என்று எமன் நினைத்துப் போய்விட வேண்டுமாம். மூக்கில் ஓட்டை போட்டு, பெயரையும் குப்பையாண்டி என்று வைத்தார்கள். எமன் ஏமாந்தானோ என்னவோ, மனிதர் அறுபத்தாறு வயதிலும் கம்பங்காட்டில் களை வெட்டிக்கொண்டிருக்கிறார். படித்த உமாபதிக்கு இந்தக் கதையை நினைத்தாலே கூச்சம். வாரம் ஒரு முறை அப்பாவுக்குப் போன் போட்டு மழை உண்டா என்று கேட்பான், அவர் இல்லை என்பார், வைத்துவிடுவான். பட்டிக்காட்டு மனிதரிடம் வேறு என்ன பேச இருக்கிறது என்பது அவன் நினைப்பு.

பேச இருந்தது. உமாபதிக்கும் அவன் மனைவி அருணாவுக்கும் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போயிற்று. இன்னொன்று இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, மூன்றாம் நாள் காலையில் இல்லை. இரண்டையும் ஊருக்குச் சொல்லவே இல்லை. அருணா கர்ப்பம் என்பதையே மறைத்திருந்ததால் மறைப்பது சுலபமாகவும் இருந்தது. மூன்றாவது, இரண்டாயிரத்து ஏழு செப்டம்பர் கடைசியில், ஆண் குழந்தையாகப் பிறந்து வீல் என்று கத்தியபோதுதான் உமாபதி அப்பாவிடம் பேரன் பிறந்த சேதியைச் சொன்னான். முந்தைய இரண்டைப் பற்றி அப்போதும் மூச்சு விடவில்லை.

ஷாபியா குடியிருப்பில் அவர்கள் இருந்தது ஒரு பகிர்வு ஃபிளாட்டின் ஓர் அறையில். ஃபிளாட்டை எடுத்திருந்தவர் கம்பெனியின் பி.ஆர்.ஓ. கௌஸ் முகைதீன், கீழக்கரைக்காரர், விசா, பாஸ்போர்ட் எல்லாம் அவர் கையில். அவர் மனைவியை அருணா சித்தி என்று கூப்பிடுவாள். அந்த மரியம் சித்திதான் பிரசவத்துக்குப் பத்தியம் சமைத்துப் போட்டது. பிள்ளைக்குக் கவின் என்று பெயர் வைத்தார்கள். நான்கு மாதத்துக்குள் அவனுக்குப் பாஸ்போர்ட் எடுத்து விசா அடிக்க வேண்டும். ஒரு நாள் கௌஸ் முகைதீன் எம்பசி விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, அப்பாவின் பாஸ்போர்ட்டில் என்ன குடும்பப் பெயரோ அதையே பிள்ளைக்கும் போடுங்கள், இரண்டும் பொருந்தாவிட்டால் விசாவிலிருந்து பள்ளிக்கூடம் வரை இழுபறி என்று விளக்கினார். உமாபதிக்கு முகத்தில் ஈயாடவில்லை. குப்பையாண்டி தன்னோடு ஒழியும் என்று நினைத்திருந்தான். இப்போது அது மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று போய்க்கொண்டே இருக்கப் போகிறது.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. முதலில் தன் பெயரை மாற்ற வேண்டும், பத்திரிகையில் விளம்பரம், புது பாஸ்போர்ட், விசா மாற்றம், ஒரு மாதமாவது ஆகும். கம்பெனி பெட்டகத்தில் கிடக்கும் பாஸ்போர்ட்டை அத்தனை நாள் வெளியே விடவும், ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரவும் மேனேஜர் கையெழுத்து வேண்டும். உமாபதி அன்றே புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டான். வர்மா. அருப்புக்கோட்டையில் எந்த வர்மா இருந்தான் என்று கேட்கக் கூடாது. கவின் வர்மா என்று ஒரு காகிதத்தில் எழுதி, தள்ளிப் பிடித்து அழகு பார்த்தான்.

அருணா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "ஏங்க, இந்தப் பேரு யாரு பேருன்னே தெரியல. மாமா பேரு இருக்கட்டும். அது தங்குன பேரு" என்றாள்.

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பேச்சா, நர்சிங் டிப்ளமோ படித்தவள் பேசுகிற பேச்சா என்று உமாபதி ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தான்.  பிள்ளை தூங்கும்போது மூக்கின் அருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. அன்றும் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் உமாபதி விண்ணப்பத்தோடு மேனேஜர் அறைக்குப் போனான். பெயர் மாற்றக் காரணம் என்ற இடத்தில், பெயரின் பொருள் கௌரவமாக இல்லை, குப்பை என்று பொருள் என எழுதியிருந்தான். ஸ்தோயானோவிச் அதைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்ததோடு விடாமல் பக்கத்து அறை எகிப்துக்காரனையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுகிறேன், அதற்கு முன் எனக்கு ஒரு வேலை செய்து கொடு என்றான். டிசம்பர் பத்தொன்பது அவர்கள் குடும்பத்தின் காவல் புனிதருக்குத் திருநாள். ஒவ்வொரு செர்பியக் குடும்பத்துக்கும் ஒரு புனிதராம், அப்பனிடமிருந்து மகனுக்கு வருமாம், நம் ஊர்க் குலசாமி கணக்குத்தான். அந்த வருடம் அவனுடைய அம்மா ஊரிலிருந்து வருகிறாள். வில்லா ஹாலில் ஒரு சுவர் முழுக்க ஸ்தோயானோவிச் வம்சத்தின் படம் தொங்க வேண்டும். யார்டின் பிளாட்டர் மெஷினில் பெரிய தாளில் அடிக்க வேண்டும்.

விவரம் கொடுக்க ஒருவர் இருந்தார். சிகாகோவில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், பீட்டர் ஸ்தோயானோவிச். ஊர்க் கோயிலின் பழைய பதிவேடுகளை இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து நகலெடுத்தவர். அவர் ஆங்கிலத்தில் மெயில் அனுப்புவார், உமாபதி கட்டம் கட்டுவான். ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு கிளை சமவெளிக்கு இறங்கிக் கோதுமை போட்டது. ஒருவன் பெல்கிரேடில் செருப்புத் தைத்தான். இருவர் வியன்னாவில் செங்கல் சுமந்தார்கள். ஒரு கூட்டம் சிகாகோவின் இரும்பு உலைக்குப் போயிற்று, ஒருத்தி மெல்போர்னில் ரொட்டிக் கடை வைத்தாள். நூற்று முப்பது கட்டத்தில் ஒரு கட்டத்திலும் படைத்தலைவனைக் காணோம். செருப்புத் தைத்தவனையும் செங்கல் சுமந்தவனையும் வரையும்போது உமாபதிக்கு உள்ளூரக் குளிர்ந்தது. நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள், இந்தப் பீற்றல்காரனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் திமிர் என்று நினைத்துக்கொண்டான்.

டிசம்பர் இரண்டாம் வாரம் கடைசி மெயில் வந்தது. உச்சிக் கட்டத்தில் எழுத வேண்டிய முதல் ஸ்தோயானைப் பற்றியது. உமாபதி மதியச் சாப்பாட்டு நேரத்தில், தயிர் சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படித்தான். பாதிரியார் கைப்பட எழுதிய குறிப்பு என்று பீட்டர் எழுதியிருந்தார். ஸ்தோயான், ஐந்தாவது பிள்ளை. முன் பிறந்த நான்கும் இறந்தன. பிறந்த அன்றே குழந்தையை நாற்சந்தியில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த வழியே முதலில் வந்த ஆள், அவன் யாராக இருந்தாலும், எடுத்து ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். முதலில் வந்தவன் ஓர் ஊசி நூல் வியாபாரி. அவன் வைத்த பெயர்தான் ஸ்தோயான், நில், போகாதே, இங்கேயே இரு என்று. பையன் நின்றான். பேரன் காலத்தில் ஓர் அரசாங்கக் குமாஸ்தா பதிவேட்டோடு வந்து குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது, அவனுக்குத் தெரிந்த பெரிய பெயர் தாத்தாவுடையதுதான், அதைச் சொன்னான், அது ஒட்டிக்கொண்டது.

அதற்குக் கீழே பீட்டர் இன்னும் நான்கு வரி எழுதியிருந்தார். எல்லா ஸ்தோயானோவிச்சும் நமக்கு உறவு என்று திராகன் சொல்லிக்கொண்டு திரிகிறான், அது தப்பு. பிள்ளைகள் செத்த ஒவ்வொரு ஊரிலும் எவளோ ஒருத்தி தன் கடைசிப் பிள்ளைக்கு ஸ்தோயான் என்று பெயர் வைத்திருப்பாள். அவர்கள் ஒருவருக்கொருவர் யாரோ எவரோ. இந்தப் பெயர் பரவியது வீரத்தால் இல்லை, பயத்தால்.

உமாபதி டப்பாவை மூடிவிட்டான். அவன் ஊரிலேயே குப்பையாண்டி மூன்று பேர், குப்பம்மாள் நான்கு பேர், பிச்சை எத்தனை பேர் என்று எண்ணவே முடியாது. அத்தனை பெயரையும் கேட்டு அவன் சிரித்திருக்கிறான். இரண்டாவது குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்த இரண்டு நாளும் அவன் வாயில் வந்துகொண்டிருந்தது இதே வார்த்தைதான். போகாதே, இரு. அதற்குப் பெயர் வைப்பதற்குள் அது போய்விட்டது. உமாபதி டாய்லெட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதான்.

மெயிலின் நகல் மேனேஜருக்கும் போயிருந்தது. மாலையில் கூப்பிட்டான். அந்தப் பாதிரியார் கதை படத்தில் வரக் கூடாது, கிழவிகளின் கட்டுக்கதை, உச்சிக் கட்டத்தில் படைத்தலைவன் ஸ்தோயான் என்று மட்டும் எழுது, பக்கத்தில் ஒரு வாள் படம் போடு என்றான். கையெழுத்துக்கான கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. உமாபதி சரி என்று தலையாட்டினான். இத்தனை வருட உத்தியோகத்தில் அவன் கழுத்து பழகிய வேலை அதுதான்.

கிளம்பியவனை ஸ்தோயானோவிச் நிறுத்தினான். முதல்முறையாகத் தோளில் கை போட்டான். "உனக்கு இது புரியும், குப்பையாண்டி. நீயும் இதைத்தானே செய்கிறாய்? நாம் இரண்டு பேரும் ஒரே ரகம்" என்றான்.

ஒரே ரகம். தோளில் கிடந்த கையைவிட அந்த வார்த்தை கனத்தது. செத்துப் போகாமல் இருந்த ஒரு குழந்தையைப் பார்த்து வெட்கப்பட்டு, அதன் கையில் அட்டைக் கத்தியைக் கொடுத்து நிறுத்துகிற இந்த அற்பனும் தானும் ஒரே ரகம். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் இல்லை என்று சொல்ல ஒரு காரணம் தேடினான். அகப்படவில்லை. பையில் கிடந்த வர்மா காகிதத்தை எடுத்துப் பார்த்தான். அதுவும் ஒரு அட்டைக் கத்திதான்.

திருநாள் அன்று பக்ரீத் விடுமுறையும் சேர்ந்து வந்தது. உமாபதிக்கு மட்டும் டூட்டி. காலையில் யார்டுக்குப் போய்ப் படத்தை அடித்து, சுருட்டி எடுத்துக்கொண்டு, மதியம் பன்னிரண்டுக்கு வில்லா ஹாலில் நாற்காலி மேல் ஏறி நின்று ஒட்டினான். மேஜையில் மெழுகுவர்த்தி எரிந்தது, முழு ரொட்டியும் வேகவைத்த கோதுமையும் இருந்தன. நாற்பது செர்பியர்கள் கையில் சின்னக் கிளாசோடு கூடினார்கள். படத்தைத் திரும்பிப் பார்க்காமலே மேனேஜர் பேச்சை ஆரம்பித்தான். துருக்கி, மலை, வாள் என்று அவன் அடுக்கிக்கொண்டிருக்கையில், முன்வரிசையில் நின்றவர்கள் அவனைப் பார்க்காமல் அவன் முதுகுக்குப் பின்னால் உச்சிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வாள் இல்லை. ஐந்தாவது பிள்ளை, முன் பிறந்த நான்கும் இறந்தன, நாற்சந்தியில் வைக்கப்பட்டான், நிற்க வேண்டும் என்று பெயரிடப்பட்டான், நின்றான் என்று ஐந்து வரி இருந்தது.

யாரோ ஒரு பெண் அதை மேனேஜரின் அம்மாவுக்கு அவர்கள் பாஷையில் மெல்லச் சொன்னாள். அந்த அம்மாள் எழுந்தாள். படத்தின் அருகே போய், தன் விரல்களை முத்தமிட்டு, எட்டிய மட்டும் மேலே தாளைத் தொட்டாள். ஏதோ சொன்னாள். என் மாமியாரும் இப்படித்தான் சொல்லுவாள் என்கிறாள் என்று அந்தப் பெண் உமாபதிக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். கூடியிருந்தவர்கள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். மேனேஜர் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நின்றான், அம்மாவின் முன்னால் படத்தைக் கிழிக்க முடியாதே. உமாபதி நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு சமையலறை வழியாக வெளியேறினான். வயிறு குளிர்ந்திருந்தது.

விடுமுறை முடிந்து போனபோது கடிதம் இரண்டாகக் கிழிந்து அவன் மேஜையில் கிடந்தது. ஜனவரி முதல் ருவைஸ் பாலைவன சைட்டுக்கு மாற்றல் என்ற உத்தரவு பக்கத்தில் இருந்தது. கௌஸ் முகைதீன் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, ஒரு கையெழுத்துக்காக ரெண்டு மாசம் நாயா ஒழச்சிட்டு, கடைசியில இப்பிடியா செய்வீங்க?" என்றார். பிறகு எம்பசி விண்ணப்பத்தை எடுத்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் விரலை வைத்தார். உமாபதி குப்பையாண்டி என்று எழுதினான். எழுதும்போது கை கூசவில்லை என்று சொன்னால் பொய். கூசியது, ஆனாலும் எழுதி முடித்தான்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டான். மழை இல்லை என்றார். பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறோம் என்று சொன்னான். மனிதர் பூரித்துப் போவார் என்று எதிர்பார்த்தான். 

"பிள்ளைக்கு என்னய்யா செய்யுது?" என்றார் குப்பையாண்டி.

ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறான் என்றான் உமாபதி.

"நல்லா இருக்குற பிள்ளைக்கு எவனாச்சும் எம் பேர வைப்பானா? மறைக்காமச் சொல்லு."

உமாபதி சொன்னான். எட்டாம் மாதத்தில் போனதை, இரண்டு நாள் இருந்து போனதை, ஒன்று விடாமல் சொன்னான். அப்பாவிடம் அவன் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல்முறை.  அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டையும் ஒத்தையிலயா தூக்குன" என்று மட்டும் கேட்டார்.  பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. பேரு மட்டும் வெச்சாப் பத்தாது. தவிடு குடுத்து வாங்குனீகளா? வாங்கயில பிள்ளைய மட்டமாப் பேசணும். எமன் காதுல விழணும்."

ஷாபியா சூப்பர் மார்க்கெட்டில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று கோதுமைத் தவிடு பாக்கெட்டில் விற்கிறார்கள். உமாபதி அரைக் கிலோ வாங்கி வந்தான். அருணா பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் ஹாலில் துடைப்பமும் குப்பைக்கூடையும் இருந்த மூலையில் ஒரு துணி விரித்துப் போட்டாள். மரியம் சித்தி பிஸ்மில்லா சொல்லி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்ன தருகிறீர்கள் என்று கேட்டார். உமாபதி தவிட்டு பாக்கெட்டை நீட்டினான்.

"இவ்வளவுதானா? பிள்ளைய என்னன்னு நெனச்சீங்க?" என்றார் சித்தி.

இப்போது அவன் சொல்ல வேண்டும். உலகத்தில் எவனைப் பார்த்தாலும் இளக்காரமாக ஒரு வார்த்தை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தவன் உமாபதி. அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. பிள்ளை அவனைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தது. அருணா பின்னாலிருந்து, சொல்லுங்க, சொல்லுங்க என்றாள். 

"குப்பை" என்றான் உமாபதி. "இதுக்கு இதுவே ஜாஸ்தி. குடுங்க."

சித்தி பிள்ளையை அவன் கையில் கொடுத்தார்.